எக்ஸ்ரே அண்ணையின் இடுப்பு

சைக்கிளில் இருக்கும்வரை அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் இளந்தாரிகளே இறங்கி உருட்டிக்கொண்டு போகும் இடத்தில், அவர் சீற்றை விட்டு எழும்பாமல், தோள் அசையாமல், காக்கிச் சட்டை முதுகில் ஒட்ட ஒட்ட மிதித்துக்கொண்டு போவார். இடது பெடலில் ஒரு பலகைத் துண்டை வைத்துக் கட்டியிருந்தது, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும். இறங்கினால்தான் வில்லங்கம். இடக்கால் நிலத்தில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் வலப்பக்க இடுப்பு பொத்தென்று கீழே இறங்கும். அதைச் சரிக்கட்ட உடம்பு முழுவதையும் இடப்பக்கமாக எறிவார். பத்து அடி நடப்பதற்குள் பத்துத் தரம் விழுந்து எழும்பின மாதிரி இருக்கும்.

அவர் தபாற்கந்தோரில் தந்தி கொண்டுபோய்க் கொடுப்பவர். அன்புவழிபுரத்தில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். ரவுனிலிருந்து சீனன்குடாப் பக்கம் வரை ஒரு நாளைக்கு எத்தனை ஆமிக் காவலரணை, சென்றியைத் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. அந்த நாட்களில் சென்றியைக் கண்டால் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இறங்கி, உருட்டிக்கொண்டு, ஆமிக்காரர் பார்த்திருக்க நடந்து கடக்க வேண்டும். நல்ல கால் உள்ளவனுக்கு அது ஒரு அலுப்பு, அவ்வளவுதான். அவருக்கு அது ஒவ்வொரு நாளும் ஒரு விசாரணை. நொண்டுகிற ஆம்பிளை என்றால் காயப்பட்டவன். காயப்பட்டவன் என்றால் எங்கே, யாரோடு நின்று காயப்பட்டான்? சைக்கிளில் சுகமாக வந்தவன் இறங்கினதும் ஏன் நொண்டுகிறான் என்ற கேள்வி வேறு.

அதற்குத்தான் அந்தப் படம்.

பத்தொன்பது வயதில், நாடு இப்படி ஆவதற்குக் கனகாலம் முன்பு, கொழும்பில் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே அது. மூலையில் அவருடைய பெயரும் திகதியும் வெள்ளை எழுத்தில் இருந்தன. அந்தத் திகதிதான் அவருக்கு அடையாள அட்டையைவிடப் பெரிது. சண்டை தொடங்க முன்பே நான் நொண்டி என்பதற்கு அரசாங்கம் தந்த அத்தாட்சி. பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்லவும் இல்லை. சின்னன் பெரிசு எல்லாருக்கும் அவர் எக்ஸ்ரே அண்ணை.

முதலில் படத்தைச் சுருட்டி ஒரு பிளாஸ்ரிக் குழாய்க்குள் போட்டு, சைக்கிள் பாரோடு சேர்த்துக் கட்டியிருந்தாராம். குழாயைக் கண்ட சென்றியில் மூன்று துவக்குகள் ஒரேயடியாக நிமிர்ந்தன. அன்றைக்கு அவரை ரோட்டில் குப்புறப் படுக்க வைத்துத்தான் குழாயைத் திறந்தார்கள். அதன் பிறகு இரண்டு காட்போட் மட்டைக்கு நடுவே வைத்து, பொலித்தீன் பையில் போட்டு ஹாண்டிலில் தொங்கவிடத் தொடங்கினார். சென்றி வந்ததும் கேட்க முன்பே வெளியில் எடுத்து, வெயிலுக்கு நேரே பிடிப்பார்.

"மாத்தயா, இபதுணு தவசே இந்தலா."

பிறந்த நாளிலிருந்து, ஐயா. அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் பிழையில்லாமல் வருவது அது ஒன்றுதான். மிச்சத்தைக் கையால் சொல்லுவார். இடக்கையைக் கிண்ணம் போலக் குவித்து, வலக்கையைப் பொத்தி அதற்குள் வைத்து உருட்டிக் காட்டுவார். இது நல்ல இடுப்பு. பிறகு குவித்த கையைத் தட்டையாக்குவார். பொத்தின கை வழுக்கி மேலே போய் மணிக்கட்டில் நிற்கும். இது என்னுடையது. சில ஆமிப் பொடியன்கள் சிரிப்பார்கள். சிலர் தங்களுடைய இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் ஒருவன் கையை ஆட்டி "யன்ட" என்று போகச் சொல்லுவான்.

"காட்டினா விளங்கும், தம்பி" என்பார் என்னிடம். "ஆரெண்டாலும் மனிசர்தானே. காட்டினா விளங்கும்."

அவர் வாயில் நான் ஆயிரம் தரம் கேட்ட வசனம் அதுதான். நான் அதை நம்பினேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் ஏ லெவல் எடுத்தவன் நான். உயிரியலில் நல்ல புள்ளி, ஆனால் மருத்துவபீடத்துக்குக் காணாது. ஒரு கொட்டிலில் ரியூசன் வைத்து, என்னைவிட ஐந்தாறு வயது குறைந்த பிள்ளைகளுக்கு இடுப்பு வளையம், கிண்ணக்குழி, தொடையென்பின் தலை என்று கரும்பலகையில் கீறிக்கொண்டிருந்தேன். நான் புத்தகத்தில் மட்டும் கண்டதை அவர் ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார். அந்தப் படத்தை நான் அவர் வீட்டு யன்னலில் பிடித்து மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். வலப்பக்கம் புத்தகத்தில் கீறினது போல இருக்கும். ஆழமான கிண்ணம், அதற்குள் அளவாக உட்கார்ந்த உருண்டை. இடப்பக்கத்தில் கிண்ணம் இல்லை, ஒரு பீரிசுத் தட்டு. அதில் நிற்க ஏலாமல் உருண்டை மேலே ஏறிப்போய், இடுப்பெலும்பின் அகன்ற பக்கத்தில் தேய்த்துத் தேய்த்துத் தனக்கென்று ஒரு பொய்க்குழி தோண்டியிருந்தது.

படத்தின் நடுவில் மட்டும் ஒன்றும் தெரியாது. அங்கே சதுரமாக ஒரு துண்டு பிளாஸ்ரர் ஒட்டியிருப்பார். சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த கிண்ணியாக் காக்கா அதைக் கண்டால் விடமாட்டார்.

"எக்ஸ்ரே, உங்கட சாரத்துக்குள்ள இருக்கிறத இந்த ரோட்டில பாக்காத ஆமிக்காரனே இல்ல. பிறகென்னத்துக்குப் பிளாஸ்ரர்?"

"பாத்தவங்கள் எலும்பைப் பாத்தவங்கள், காக்கா. எலும்புக்கு வெக்கமில்லை. பிளாஸ்ரர் மிச்சத்துக்கு."

"மிச்சம் படத்தில விழாதாமே?"

"விழாதுதான். ஆனா அவங்கள் அங்கதான் தேடுறாங்கள்."

கடையே சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டு, வாங்கில் இடப்பக்கம் கொஞ்சம் தூக்கி, ஒரு பக்கமாகச் சரிந்து உட்காருவார். அதையும் நான் பார்த்தேன். இடுப்பு அப்படி, ஆகவே இருப்பு அப்படி என்று நினைத்தேன்.

மற்றவர்களின் இடுப்பையும் அவர் விடுவதில்லை. முக்கியமாகக் கைப்பிள்ளைகளின் இடுப்பு. ஒருநாள் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பெண் தன் கைப்பிள்ளையைக் காலிரண்டும் சேர்த்துத் துணியால் இறுக்கிச் சுற்றி மடியில் வைத்திருந்தாள். புருஷன் சவூதியில்; தந்தி என்றாலே சாவுச் செய்தி என்ற காலம். தந்திக்காரர் படலையடியில் பிரேக் பிடித்ததைக் கண்டதுதான், "ஐயோ!" என்று அவள் குழறின குழறலில் நாங்கள் ஓடிப்போனோம். அவர் ஒரு காலை நிலத்தில் ஊன்றினபடி கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"தந்தி ஒண்டுமில்லை, தங்கச்சி. ஒண்டுமில்லை. பிள்ளையின்ர காலை இப்பிடிக் கட்டாதேங்கோ. இடுப்பில வைச்சுத் தூக்குங்கோ. கால் ரெண்டும் அகண்டு கிடக்கோணும், அப்பத்தான் குழி ஆழமாகும். என்னையும் இப்பிடித்தான் கட்டி வைச்சவை."

"உனக்கு விசரே? என்ர உயிர் போட்டுது! காலைச் சொல்லவோ மணியடிச்சனி?"

"மணியடிக்கேல்லை, தங்கச்சி. பிரேக்தான் பிடிச்சனான்."

அவள் வாசல் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்தாள். அவர் சைக்கிளை மிதித்துவிட்டார். ஆனால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை தாயின் இடுப்பில் தவளை போலக் காலை விரித்துக்கொண்டு இருந்ததை நான் கண்டேன்.

என் அப்பா இறங்குதுறையில் மூட்டை தூக்கினவர். ஒருநாள் அவர் வேலையால் நடந்து வருவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டு எக்ஸ்ரே அண்ணை என்னிடம் சொன்னார்: "அப்பாவுக்கு வலப்பக்கம் தேயுது. தோள் மாத்திச் சுமக்கச் சொல்லுங்கோ. ஒரு காலில நிக்கேக்க உடம்பின்ர பாரத்தைப் போல ரெண்டு மூண்டு மடங்கு அந்தச் சின்னக் குழிக்குள்ள இறங்குது. மூட்டையும் சேர்ந்தா என்ன செய்யும்?" புத்தகத்தில் இது இருந்தது. நான் படித்துமிருந்தேன். அப்பாவைப் பின்னால் நின்று பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அப்பா தோள் மாற்றிச் சுமந்தார். இரண்டு மாதத்தில் காலையில் எழும்பும்போது முனகுவது நின்றது. அதிலிருந்து எக்ஸ்ரே அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா கதிரையை விட்டு எழும்புவார். அவர் வேறு யாருக்கும் அப்படி எழும்பினதை நான் காணவில்லை.

படம் பழுதாகத் தொடங்கினது கடற்காற்றால். கரைகள் சுருண்டன. கறுப்பு மஞ்சளாகி, பொலித்தீனில் ஒட்டி உரியத் தொடங்கியது. முதலில் போனது மூலை. பெயர் மிஞ்சியது, திகதி போய்விட்டது. அந்தநேரம் பார்த்துச் சந்தியடிச் சென்றிக்குப் புதிய ஆட்கள் வந்தார்கள். அவர்களுடைய அதிகாரி இளம் ஆள், கண்ணாடி போட்டவர், ஆங்கிலம் பேசினார். படத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எப்போது எடுத்தது என்று கேட்டார். திகதி இருந்த இடத்தை எக்ஸ்ரே அண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. வருகிற திங்கட்கிழமைக்குள் புதுப் படமும் டொக்டரின் கடிதமும் வரவேண்டும், இல்லாவிட்டால் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போவோம் என்று சொல்லிவிட்டார். அந்த நாட்களில் விசாரணைக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. திரும்புவார்களா என்றுதான் கேட்பார்கள்.

நான் சந்தோஷப்பட்டேன். இதை எழுத எனக்குக் கூசுகிறது, ஆனால் சந்தோஷம்தான் பட்டேன். புதுப் படம் தெளிவாக இருக்கும், ஆங்கிலத்தில் கடிதம் இருக்கும், படித்த அதிகாரி ஒருவர் அதைப் பார்க்கப் போகிறார். இனி என்ன குறை? எக்ஸ்ரே அண்ணைதான் இழுத்தடித்தார். இன்றைக்கு ஏலாது, நாளைக்குத் தந்தி கூட, கடிதம் மட்டும் காணாதோ என்றார். ஆஸ்பத்திரிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டரோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்று அவர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். கனநேரம் கதைத்தார்கள். பிறகு படம் எடுத்தார்கள். திங்கள் காலை வந்து வாங்கச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை அவருக்குக் காலை வேலை. எனக்கு ரியூசன் பின்னேரம்தான். நான் போகிறேன் என்றேன்.

"போங்கோ, தம்பி. ஆனா ரெண்டையும் நேரா என்னட்டக் கொண்டு வாங்கோ. நான் கடிதத்தை மட்டும் குடுக்கிறன்."

"படம் கேட்டவரெல்லோ, அண்ணை?"

"கடிதம் காணும். படத்தைக் காட்டவேண்டாம்."

பார்க்கிறவனுக்கெல்லாம் தன் இடுப்பைத் தூக்கிக் காட்டின மனிதர், முதன்முதலாகக் காட்டவேண்டாம் என்றார். அது என் காதில் விழுந்தது. தலைக்குள் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டரும் அதையே சொன்னார். கடிதத்தை வாசித்துக் காட்டி, ஒட்டாத உறைக்குள் வைத்துத் தந்துவிட்டு, "இதைக் குடுங்கோ. படம் வீட்டில இருக்கட்டும்" என்றார். கடிதத்தில் எல்லாம் இருந்தது. பிறவியிலேயே இடது தொடையென்பு குழியை விட்டு விலகியது, காயத்தால் வந்ததல்ல, என்று இருந்தது. நான் விறாந்தை யன்னலடியில் நின்று படத்தைப் பிடித்துப் பார்த்தேன். என்ன தெளிவு! பொய்க்குழியின் விளிம்புகூடத் தெரிந்தது. வலப்பக்கம் முன்போலவே அச்சொட்டாக இருந்தது. இடப்பக்கத்தில், உட்காரும் எலும்புக்குச் சற்று மேலே, புளியங்கொட்டையில் பாதியளவில் பளிச்சென்று ஒரு வெள்ளை. எக்ஸ்ரேயில் காசு, ஊசி, பொத்தான் எல்லாம் வெள்ளையாக விழும் என்று படித்திருந்தேன். காற்சட்டைப் பொத்தான் என்று முடிவு கட்டினேன். அப்படி முடிவு கட்ட எனக்கு ஒரு நிமிஷமும் எடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் அதே சென்றி. உறைக்குள் என்ன என்று ஆமிக்காரன் கேட்டான். கடிதத்தைக் காட்டிவிட்டு, படம் என்னுடையது, முதுகு வலி என்று சொல்லியிருக்கலாம். அந்த அதிகாரி வெளியே வந்தார். நான் ஆங்கிலத்தில் கதைத்தேன். ஐயா, நீங்கள் கேட்ட தந்திக்காரரின் படமும் கடிதமும் இவைதான், தயவுசெய்து பாருங்கள் என்றேன். கடிதம் மட்டும் என்றால் வெறும் சொல்; படத்தோடு என்றால் நிரூபணம். அப்படித்தான் நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். காட்டினால் விளங்கும்.

அவர் கடிதத்தை வாசித்தார். தலையாட்டினார். படத்தை வெயிலில் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று விரலால் காட்டி விளக்கினேன். கிண்ணம், உருண்டை, விலகின இடம். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு என் விரல் போகாத இடத்தில் அவருடைய விரல் போய் நின்றது.

"இது என்ன?"

"காற்சட்டைப் பொத்தான், சேர்."

"பொத்தான் என்றால் அதில் துளை எங்கே?"

நான் படத்துக்குக் கையை நீட்டினேன். அவர் படத்தைத் திருப்பித் தரவில்லை. உனக்கு அவர் சொந்தமா என்று கேட்டார். இல்லை, பக்கத்து ஆள் என்றேன். அதையும் நான் சொன்னேன்.

மத்தியானம் தந்திப் பையோடு வந்தவரை இறக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிள் சென்றி வேலியில் சாத்தினபடி இரண்டு நாள் நின்றது. பெடலில் கட்டின பலகைத் துண்டைக் கழற்றிப் பரிசோதித்துவிட்டு நிலத்தில் போட்டிருந்தார்கள்.

அவருடைய மனைவி அழுது முடித்த பிறகு எனக்குச் சொன்னா. முந்தின வருஷம் பஸ் ஸ்ராண்டடியில் குண்டு வெடித்த அன்று, அவர் தந்தி கொடுத்துவிட்டு அவ்வழியால் வந்திருக்கிறார். ஒரு சிதறல் துண்டு பின்பக்கச் சதைக்குள் போய்விட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா காயமெண்டு பேர் பதிவினம், பிறகு ஆமி வரும் எண்டு போகேல்லை. நான்தான் சுடுதண்ணியால கழுவிக் கட்டினனான். அது உள்ள கிடக்கு, இருக்கேக்க குத்துது எண்டு சொல்லுவார். டொக்டருக்கும் சொன்னவர். டொக்டர் நல்ல மனிசன், கடிதத்தில எழுதாம விட்டவராம்." பிறகு, "உங்களுக்கும் சொல்லியிருக்கலாம், தம்பி. சொன்னா நீங்கள் பயப்பிடுவியள் எண்டு சொல்லேல்லை" என்றா.

அதனால்தான் அவர் ஒரு பக்கமாகச் சரிந்து இருந்திருக்கிறார். இடுப்பு அப்படி, ஆகவே இருப்பு அப்படி என்று நான் கண்ட விளக்கம் அதோடு முடிந்தது.

அவரைக் கொண்டுபோன மூன்றாம் நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனா டொக்டர் வீட்டில வை எண்டா, வீட்டில வைச்சிருப்பன்."

பதினொரு மாதம் கழித்து எக்ஸ்ரே அண்ணையை விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்றார்களாம். சந்தியில் பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தார். நான் படலையடியில் நின்று பார்த்தேன். இடக்கால் ஊன்ற வலப்பக்கம் விழுந்தது. வலக்கால் ஊன்ற இடப்பக்கமும் விழுந்தது. உடம்பை எந்தப் பக்கம் எறிவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் எறிந்துகொண்டு, வாத்து போல, மெல்ல மெல்ல வந்தார். எனக்குக் கிட்ட வந்ததும் நின்று மூச்சு வாங்கினார்.

"இப்ப ரெண்டு பக்கமும் சரிசமன், தம்பி."

அவர் சிரிக்கவில்லை. காக்காவின் கடையில் சிரிக்கிறதுபோல முகத்தை வைத்திருந்தார், அவ்வளவுதான். வலப்பக்கத்துக்கு என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் கையைக் குவித்தோ பொத்தியோ காட்டவுமில்லை. அதன் பிறகு அவர் யாருக்கும் எதையும் காட்டவில்லை. சைக்கிளில் ஏறக் காலைத் தூக்க ஏலாது. தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிற மேசைக்கு மாற்றினார்கள். கைப்பிள்ளையோடு பெண்கள் போனால் தலையைக் குனிந்துகொண்டு குத்துவார்.

ஒரு பின்னேரம் ரியூசன் கொட்டிலுக்கு வந்தார். பிள்ளைகள் எழும்பினார்கள். பொலித்தீன் பையை மேசையில் வைத்தார். பழைய படம். மஞ்சளாகி, மூலை உரிந்து, நடுவில் பிளாஸ்ரரோடு.

"எனக்கு இனி உதவாது. இதில இருக்கிற ஆள் நானில்லை. பிள்ளையளுக்குப் படிப்பிக்க வைச்சிருங்கோ."

"அண்ணை, நான்..."

"வேண்டாம், தம்பி. கதைக்கவேண்டாம்."

வந்ததுபோலவே இரண்டு பக்கமும் விழுந்து விழுந்து போனார்.

இப்போது அந்தப் படம் கொட்டில் யன்னலில் தொங்குகிறது. இடுப்பு மூட்டுப் பாடம் வரும் வருஷங்களில் அதைத்தான் காட்டுகிறேன். பிளாஸ்ரரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இடப்பக்கத்தைக் காட்டி, பிறவிப் பிழை என்கிறேன். பிறகு வலப்பக்கத்துக்குப் போகிறேன். ஆழமான கிண்ணம், அளவான உருண்டை, ஒழுங்கான விளிம்பு. நல்ல மூட்டு எப்படி இருக்கும் என்று இதைப் பார்த்துக் கீறுங்கள் என்கிறேன். தலையைக் குனிந்து கீறுகிறார்கள்.